மாமாவின் மஞ்சள் கண்ணும் என் கொழுத்த ஈரலும்

நம் வயதுக்காரர்களுக்கு மட்டும் சொல்கிறேன். சர்க்கரை, பிரஷர், முட்டுத் தேய்மானம் என்று ஆளுக்கொன்றை வளர்த்து வைத்திருப்பீர்கள். நான் வளர்த்தது ஈரல். ஸ்கேன் எடுத்த பெண் வயிற்றில் ஜில்லென்று எதையோ தடவி, கருவியை இரண்டு தடவை உருட்டிவிட்டு, "கரளில் கொழுப்புண்டு" என்றாள். மலையாளத்தில் ஈரலுக்குக் கரள் என்று பெயர். அறுபத்தெட்டு வயதில் என் உடம்பில் கொழுத்துப்போய் இருப்பது அது ஒன்றுதான் என்பதால் ஒரு நிமிடம் பெருமையாகக்கூட இருந்தது.

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயது. "அங்கிள் குடிக்குமோ?" என்று கேட்டாள்.

"இல்ல டாக்டர்."

"கொஞ்சம்?"

"கொஞ்சங்கூட இல்ல."

"சத்தியமா?"

சத்தியமாகத்தான். கோயிலில் நற்கருணைக்குக் கொடுக்கும் திராட்சரசம் தவிர வேறெதுவும் என் தொண்டையில் இறங்கியதில்லை. அதையும் எங்கள் சபைப் போதகரான ஐயர் எனக்கு மட்டும் சீக்கிரம் பிடுங்கிக்கொள்வார். என் பாவமெல்லாம் வேறு வகை. நாற்பது வருடம் எஸ்டேட் ஜீப் ஓட்டினேன். கியருக்குப் பக்கத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம், பூப்பாறை முக்கில் பரோட்டா, கடை கடைக்கு நாலு கரண்டிச் சர்க்கரை போட்ட டீ. கால் இரண்டும் கிளச்சையும் பிரேக்கையும் தவிர வேறெதையும் மிதித்ததில்லை. வண்டிதான் மலை ஏறியது, நான் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரம்மா நீளமாகச் சொன்னாள். டீயில் சர்க்கரை வேண்டாம். மைதாவும் பொரித்ததும் வேண்டாம். சோறு பாதியாகி, அந்த இடத்தில் காய்கறி வரட்டும். ராத்திரிச் சாப்பாடு பொழுதோடு முடியட்டும். தினமும் மூச்சு வாங்கும்படி நடக்கவேண்டும், ஏற்றமாக இருந்தால் நல்லது. எடை மெதுவாகக் குறையட்டும். வாட்சப்பில் வரும் பொடியும் லேகியமும் தொடவே கூடாது, அதையும் அரைத்துத் தள்ளும் வேலை அதே கரளுக்குத்தான். இத்தனையும் சொல்லி முடித்துவிட்டு, "பின்னே, கள்ளும் வேண்டா கேட்டோ" என்றாள். அவள் நம்பவில்லை.

வீட்டிலும் அதே கதைதான். "நாப்பது வருசம் ஜீப்புல போடிக்கும் மூணாறுக்கும் போனீயளே, வழியில எறங்கி என்ன செஞ்சியன்னு நா கண்டேனா?" என்றாள் மனைவி. மெடிக்கல் ஷாப் பையன் சீட்டைப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான். கோயிலில் பக்கத்து பெஞ்சுக்காரர், "குடும்ப ஜெபத்துல உங்களுக்காகச் சேத்துக்கிடுதோம்" என்று கையைப் பிடித்தார். எதற்காக என்று சொல்லவில்லை. அந்தக் கையின் அழுத்தத்திலேயே பாட்டில் தெரிந்தது.

பொய்ப்பழி என்றால் சிரித்துக்கொண்டே சுமந்துவிடுவேன். நான் சுமக்காத கேலியா? ஆனால் இந்தப் பழி வந்த நாளிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தால் நடக்கத் தோன்றுகிறது, நடந்தால் திரும்பத் தோன்றுகிறது. காரணம், இதே பழி, இதே கேள்வி, ஐம்பத்தெட்டு வருடத்துக்கு முன் இதே மலையில் இன்னொருவர் தலையில் விழுந்தது. விழவைத்தவன் நான்.

அப்போது எனக்குப் பத்து வயது. சாந்தன்பாறைக்கு மேலே ஏலத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்தில் அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா, நாலு பேரும் ஓர் அறையில். மாமா ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர். அவர் வீட்டுக்குள் நுழைந்தால் பச்சை ஏலக்காய்ப் புகை முதலில் வரும், ஆள் பின்னால் வருவார்.

அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண், கோயில் உபதேசியாரின் மகள். எங்கள் கோயிலுக்கு ஐயர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் பாட்டு, பிரசங்கம், அறிக்கை எல்லாம் உபதேசியார்தான். அவருக்கு உலகத்தில் இரண்டே ஜாதி. குடிக்கிறவன், குடிக்காதவன். மாமா கொஞ்ச காலம் முதல் ஜாதியில் இருந்தவர். போடிச் சந்தைக்குப் போய் இரண்டு நாள் கழித்து ஏலக்காய்ச் சாக்கோடு சாக்காக லாரியில் வந்து இறங்கிய சரித்திரம் உண்டு. பெண் கேட்டபோது உபதேசியார் வேதப்புத்தகத்தை நீட்டி, "இனி தொடமாட்டேன்னு சொல்லும்" என்றார். மாமா கை வைத்துச் சொன்னார். ஒரு சொட்டு தொட்டாலும் கல்யாணம் இல்லை என்பது பேச்சு.

இனிமேல்தான் நான் வருகிறேன்.

ஆடி மாதம் கோயிலில் அசனம். ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற பண்டிகை. சோறும் குழம்பும் அடுப்பில் வேகும். பானகம் மட்டும் அடுப்பு ஏறாது. வெல்லம், எலுமிச்சை, தட்டிப் போட்ட ஏலக்காய், தண்ணீர். அந்தத் தண்ணீர் மேல் ஊற்றிலிருந்து வரவேண்டும் என்பது வழக்கம். ஊற்று ஸ்டோருக்கும் மேலே, ஏலச்செடிகளுக்குள் அரை மணி நேர ஏற்றம். அம்மா இரண்டு தகர டின்னையும் ஒரு கம்பையும் என் தோளில் வைத்து, "நாலு நட, சிந்தாமக் கொண்டு வா" என்றாள்.

ஆடி மழையில் அந்தப் பாதையில் போனவர்களுக்குத் தெரியும். செடிக்குள் நுழைந்த உடனே அட்டைகள் நூல் நூலாக எழுந்து நின்று வரவேற்கும். நான் ஸ்டோர் முக்கு வரைக்கும் வீரமாகப் போனேன். அங்கே திரும்பி, கோயிலுக்குப் பின்னால் ஓடுகிற ஓடைக்கு இறங்கினேன். பத்தே எட்டு. கீழ் லயத்துக் கழிவெல்லாம் மழையோடு கலந்து வருகிற ஓடை. ஆனால் டின்னில் மொண்டு பார்த்தால் தெளிவாகத்தான் இருந்தது. நேரத்தோடு போய் நின்றால் பிடிபட்டுவிடுவோம் என்று ஒவ்வொரு நடைக்கும் நடுவில் பாறையில் உட்கார்ந்து நண்டு பிடித்தேன். நாலு நடையும் மூச்சு வாங்குகிற மாதிரி வந்து இறக்கினேன். அந்த நடிப்பை இன்று நினைத்தாலும் எனக்கே கைதட்டத் தோன்றுகிறது.

மாமாதான் பானகம் ஊற்றினார். உபதேசியார் மூன்று கிளாஸ் குடித்துவிட்டு மீசையைத் துடைத்து, "ஊத்துத் தண்ணி ருசி ஊத்துத் தண்ணிக்குத்தான் வரும்" என்றார். மாமா அண்டாவின் அடியில் கிடந்த வெல்லச் சக்கையோடு கடைசிக் கிளாஸைக் குடித்தார். என்னிடமும் ஒன்று நீட்டினார்.

"வேண்டாம் மாமா. பல்லு வலிக்கி."

ஒரு மாதம் போயிற்று. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம், ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று மூன்று தடவை. மூன்றும் வாசித்தால்தான் தாலி. முதல் ஓலைக்கு மூன்று நாள் முன்னால் மாமா சோற்றைத் தள்ளி வைத்தார். புகை வாசம் குமட்டுகிறது என்றார். புகையிலேயே வாழ்கிற மனிதர். மறுநாள் காலையில் அம்மா அவர் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கண்ணின் வெள்ளையில் மஞ்சள் கரைத்து ஊற்றியிருந்தது.

அந்தக் காலத்துப் பரிசோதனை உங்களுக்கும் தெரிந்திருக்கும். சிரட்டையில் மாமாவின் மூத்திரத்தைப் பிடித்து அதில் நாலு சோற்றுப் பருக்கையைப் போட்டு வைத்தாள் அம்மா. காவலுக்கு நான். பருக்கைகள் தைப்பூசத்துக்குப் போகிறவை போல மஞ்சளாகிவிட்டன.

"குடிச்சியால?" என்றாள் அம்மா.

"இல்லக்கா."

"ஏலே, சத்தியமா சொல்லு."

"சத்தியம் பண்ணாதன்னு வேதத்துல இருக்குக்கா."

"மாட்டிக்கிட்டா மட்டும் வேதம் வருது, என்ன?"

மாமா அழுதார். விறகு தள்ளித் தள்ளிக் காய்த்துப் போன கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீயாவது நம்புக்கா" என்றார். அம்மா நம்பவில்லை. வெளியே சொல்லவும் இல்லை. உபதேசியார் காதில் விழுந்தால் கல்யாணம் போயிற்று. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ரகசிய வைத்தியம் தொடங்கியது. வெளியே கேட்டவர்களுக்கு 'தம்பிக்குக் கண் வலி'. அப்பா போடியில் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி வந்தார். மலையில் வெயிலே இல்லாத மாதத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரே ஆள் எங்கள் மாமா.

பத்தியம் என்றால் அப்படி ஒரு பத்தியம். எண்ணெய் இல்லை, தாளிப்பு இல்லை, உப்பு இல்லை. காலையில் அரைத்த கீழாநெல்லி ஒரு உருண்டை, மோரில் கலக்கி. கீழாநெல்லி பிடுங்குவது என் வேலை. மத்தியானம் உப்பில்லாக் கஞ்சி. சாயங்காலம் கரும்புச் சாறு. அந்தச் சாற்றில் பாதியை ருசி பார்க்கும் பொறுப்பை நானாக ஏற்றுக்கொண்டேன். மாமாவுக்கு அரிப்பு வேறு. உட்காரமாட்டார், படுக்கமாட்டார். ஓர் அறை வீட்டில் சுவருக்குச் சுவர் நடப்பார், முதுகைக் கதவு நிலையில் தேய்ப்பார். அவர் எங்காவது நழுவிக் குடித்துவிடாமல் பார்த்துக்கொள்ள அம்மா நியமித்த காவலாளியும் நான்தான். திருடனையே போலீஸாக்கியிருந்தாள்.

முதல் ஓலை வாசித்தாயிற்று. இரண்டாவதும் ஆயிற்று. மாமா கறுப்புக் கண்ணாடியோடு கடைசி பெஞ்சில் இருந்தார். அந்த வாரம்தான் எஸ்டேட் கம்பவுண்டர் வந்தார். கீழ் லயத்தில் இரண்டு பிள்ளைகளுக்குக் காமாலை என்று வீடு வீடாகப் பார்த்து வந்தவர். மாமாவைப் பார்த்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"வெள்ளம் எவிடுந்நா எடுக்குந்நது?"

"தண்ணியா? மேல ஊத்துலதான். ஓடத் தண்ணி நாங்க தொடுறதில்ல" என்றாள் அம்மா.

"கோயில்ல சத்ய உண்டாயிருந்நல்லோ? அதில் வெள்ளம்?"

"சத்யவா? ஓ, அசனமா? அதும் ஊத்துதான். இவந்தான் நாலு நட கொண்டாந்தான்."

கம்பவுண்டர் என்னைப் பார்த்தார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சொட்டை எண்ணிக்கொண்டே, "ஆமா, ஊத்துலதான்" என்றேன்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை. கம்பவுண்டர் அம்மாவைத் தனியே கூப்பிட்டார். ஊற்றுத் தண்ணீரில் குற்றமில்லை, அப்படியென்றால் இவர் குடித்ததுதான் காரணம் என்று சொல்லிப் போனார். மருந்து என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஓய்வெடுக்கட்டும், கொதிக்க வைத்த தண்ணீர் குடிக்கட்டும், சாராயம் தொடாமல் இருந்தால் ஈரல் தன்னைத்தானே சரி செய்துகொள்ளும் என்றார். அம்மா சாராயம் என்ற வார்த்தையை மட்டும் கேட்டுக்கொண்டாள். உள்ளே வந்து மாமாவின் கஞ்சிப் பாத்திரத்தை அவர் முன்னால் ணங்கென்று வைத்தாள். அப்புறம் மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் உபதேசியார் வந்தார். மருமகனின் கண் வலிக்கு ஜெபம் பண்ண. "கண்ணாடியக் கழத்தும், கை வச்சு ஜெபிக்கேன்" என்றார். மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தாள். கழற்றினார்.

உபதேசியார் ஜெபம் பண்ணவில்லை. வைத்த கையை எடுத்து வேட்டியில் துடைத்தார். "நாளைக்கி மூணாவது ஓல வாசிக்கப் போறதில்ல. சபைக்கு முன்னால காரணமும் சொல்லுவேன்" என்று எழுந்து போனார். போகும்போது முழங்கையைச் சொறிந்துகொண்டே போனார். அதை யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அட்டை கடித்திருக்கும் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை. நான் முன்வரிசையில் பாயில். ஓலை வாசிக்கும்போது 'ஆட்சேபணை உண்டா' என்று கேட்பார்களே, அப்போது எழுந்து ஓடையைப் பற்றிச் சொல்லிவிடுவது என்று தீர்மானம் பண்ணியிருந்தேன். வாசிக்கப் போவதே இல்லை என்பதால் சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை என்று பாதி வழியில் ஒரு ஆறுதலும் பண்ணிக்கொண்டேன். கோழைக்குக் கணக்குச் சரியாக வரும்.

மழை விட்டு ஜன்னல் வழியே வெயில் விழுந்தது. உபதேசியார் அறிக்கைப் புத்தகத்தோடு அந்த வெயிலில் வந்து நின்றார். தொண்டையைச் செருமி, "இந்த வாரம் வாசிக்க வேண்டிய ஓல" என்று நிமிர்ந்தார்.

என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது. "ஐயா, உங்க கண்ணும் மஞ்சளா இருக்கு."

பின்னாலிருந்து அப்பாவின் கை வந்து என் காதைப் பிடித்தது. சேட்டை என்று நினைத்துவிட்டார். ஆனால் பெண்கள் பக்கத்திலிருந்து உபதேசியாரின் மகள் எழுந்து வந்தாள். கல்யாணப் பெண் அப்படி வந்து யாரும் பார்த்ததில்லை. தன் அப்பாவின் முகத்தைக் கையால் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். ஒரு கண், பிறகு மறு கண். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"அப்பா, நீங்க எங்க குடிச்சிய?"

உபதேசியார் மகளைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். கடைசி பெஞ்சைப் பார்த்தார். அங்கே மாமா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி பெஞ்சில் வைத்திருந்தார். பிறகு மூன்றாவது ஓலையை, ஒரு எழுத்தும் விழுங்காமல் வாசித்தார். ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்றபோது யாரும் இருமக்கூட இல்லை. அம்மா தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

கல்யாணம் இரண்டு மாதம் தள்ளிப் போய் நடந்தது. விருந்தில் மாப்பிள்ளையும் மாமனாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து உப்பில்லாச் சோறு சாப்பிட்டார்கள். கம்பவுண்டர் மறுபடி வந்து, அப்படியானால் வெள்ளம்தான் காரணம் என்று முடிவு கட்டி, மேல் ஊற்றில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினார். ஒரு பாவமும் அறியாத ஊற்று அது. மேல் லயமே மாதக்கணக்கில் பவுடர் நாற்றத்தைக் குடித்தது. அதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். கறுப்புக் கண்ணாடியை நான்தான் பெஞ்சிலிருந்து சுட்டேன். போட்டுக்கொண்டு ஓடையில் நண்டு பிடிக்கக் குனிந்தபோது அது தண்ணீரோடு போய்விட்டது.

அம்மா மாமாவிடம் 'தெரியாம சந்தேகப்பட்டுட்டேன்' என்று சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. மாமாவும் கேட்கவில்லை. அம்மா செத்த வீட்டில் மட்டும், பெட்டி மூடும் முன், "எக்கா கடசி வரைக்கும் என்ன நம்பலல்லா" என்று என்னிடம் சொன்னார். அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது டாக்டரம்மா ஏற்றம் ஏறச் சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டிலிருந்து ஏற்றம் என்றால் ஒரே பாதைதான். மாமா வீட்டு முக்கைக் கடந்துதான் போகவேண்டும். போன ஐப்பசி மழையில் நான் நடக்கத் தொடங்கிய முதல் நாளே பிடித்துவிட்டார். எண்பத்திரண்டு வயது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பாலும் சர்க்கரையும் இல்லாத கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, ஈரல் போச்சாமே. குடிச்சியா?"

"இல்ல மாமா."

"சத்தியமா?"

கோழிக்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்த அத்தை, அதுதான் அன்றைய உபதேசியார் மகள், சிரித்தாள். "அவன்ட்ட அப்படிக் கேக்காதிய. உங்களக் கேட்டது மறந்து போச்சோ?"

"மறக்கலயே. அதான் கேக்கேன்."

அதற்கு மேல் எனக்கு நிற்க முடியவில்லை. உட்காரவும் முடியவில்லை. முற்றத்தில் இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். டின், அட்டை, ஓடை, நண்டு, கம்பவுண்டர். சிரிப்பு வருகிற இடத்தில் சிரிப்புக் காட்டியும் பார்த்தேன். மாமா சிரிக்கவில்லை.

"நீ அன்னைக்கி குடிக்கல" என்றார். "பல்லு வலின்ன."

"ஆமா."

"தெரிஞ்சேதான் குடிக்கல."

"ஆமா மாமா."

"எங்கப்பா மூணு கிளாஸ்லா குடிச்சாவ" என்று ஆரம்பித்த அத்தை மாமாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"உங்கம்ம இருக்கும்போது சொல்லிருக்கலாம்லா" என்றார்.

நான் குனிந்து காலில் ஒட்டிய தவிட்டைத் தட்டினேன்.

மாமா எழுந்து உள்ளே போனார். திரும்பி வராமல் கதவைச் சாத்திவிடுவார் என்று நினைத்தேன். ஒரு அலுமினியத் தூக்குவாளியோடு வந்து என் கையில் மாட்டினார். "போ. ஊத்துல எடுத்துட்டு வா."

போனேன். ஸ்டோர் முக்கில் மூச்சு வாங்கியது. அங்கேதான் அன்றைக்குத் திரும்பியது. பாதை மாறவில்லை, அட்டைகளும் மாறவில்லை, என்னை அடையாளம் கண்டுகொண்டவை போல எழுந்து நின்றன. நெஞ்சு அடிக்கிற அடியில் இரண்டு தடவை வேரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அரை மணி ஏற்றம் முக்கால் மணி ஆயிற்று. ஊற்று ஒரு சருகுக்குக் கீழே சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது. வாளி நிறைய மொண்டு, ஒரு சொட்டு சிந்தாமல் இறங்கினேன்.

மாமா மூடியைத் திறந்து முகர்ந்தார். வாளியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு அத்தையிடம் நீட்டினார்.

"இத அடுப்புல வையி. நல்லா கொதிக்கட்டும்."

"ஊத்துத் தண்ணிதான மாமா" என்றேன்.

"தண்ணி ஊத்துத் தண்ணிதாம்ல. கொண்டாந்தது நீயில்லா."

அன்றிலிருந்து தினமும் காலையில் முக்கில் தூக்குவாளி காத்திருக்கிறது. சட்டை தொளதொளவென்று ஆகியிருக்கிறது. என்ன செய்கிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டாள். மாமாவுக்குத் தண்ணீர் எடுக்கிறேன் என்றேன். நல்லது, விடாமல் எடுங்கள் என்றாள். எடுக்கிறேன். அவரும் விடாமல் கொதிக்க வைக்கிறார்.